முதுகுக்குப் பின்னால் நிறைந்த கூடை

என் அம்மாவுக்குக் குரல் பெரிது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் ஒரு கோடியிலிருந்து கூப்பிட்டால் மறுகோடியில் அடுப்பு ஊதுகிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். அப்பா கேலி செய்வார்: "ஒங்கம்மாவ லிந்துலையில நிக்கவச்சுப் பேசவுட்டா தலவாக்கலையில தந்தி ஆபீசே தேவப்படாது." அம்மா அதற்கும் உரக்கத்தான் பதில் சொல்வாள்.

அந்தக் குரலுக்கு ஒரு வேலை இருந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டுப் பெண்கள் தேயிலை மலைக்கு ஏறுவார்கள். ஆளுக்கொரு நிரையில் நின்றதும் எடுத்த எடுப்பில் கொழுந்தைப் பறித்துவிட மாட்டார்கள். ஒருத்தி முதல் கொழுந்தைக் கிள்ளி, கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் முதுகுக் கூடைக்குள் போட்டு, "பொலி... பொலி..." என்று கூவ வேண்டும். மற்றவர்கள் "பொலியோ பொலி" என்று பதில் கொடுத்தபடி தங்கள் முதல் கொழுந்தைப் போடுவார்கள். கூடை நிறையட்டும், வீடு நிறையட்டும் என்று சாமியிடம் கேட்பதுதான் அது. எங்கள் கும்பலில் கூவுகிறவள் அம்மா. அவள் வாய் ராசியான வாய் என்று பெயர். அவள் வந்து சேரக் கொஞ்சம் பிந்தினால் கங்காணிகூடப் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்து நிற்பார்.

அவள் கூவி நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், சின்ன வயதிலும், பிறகு விடுமுறைகளிலும். கேட்காமல் போன ஒரு தடவை இருக்கிறது. அதற்காகத்தான் இத்தனை வயதுக்குப் பிறகும் ஏங்குகிறேன்.

எனக்குப் பதினொன்று நடந்தபோது அப்பா போய்விட்டார். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் அவருக்கு வேலை. நெஞ்சுச்சளி என்று தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்காம் நாள் அதே லொறி அவரைத் திரும்பக் கொண்டுவந்தது. பதினாறு முடிந்ததும் அம்மா கூடையை எடுத்தாள். நானும் தவழ்கிற தம்பியும் இருந்தோம். வீட்டில் உட்கார்ந்து அழ அவளுக்கு வசதி இல்லை.

அன்று தம்பியை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பிராவில் விட நான்தான் தூக்கிப்போனேன். மலையில் பெண்கள் நிரை பிடிப்பது அங்கிருந்து தெரியும். அம்மாவின் குரலுக்காகக் காது கொடுத்து நின்றேன். வந்தது வேறு குரல், லயத்தில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பிராவிலிருந்த அத்தையுடையது. அத்தைக்குக் கீச்சுக்குரல். பெரிதாக இருக்காது, ஆனால் ஊசி மாதிரி எந்த மூடுபனியையும் துளைத்துக்கொண்டு வரும். கீழே ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கும் கேட்கும் என்று லயத்தில் சிரிப்பார்கள்.

மாலையில் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா நீ பொலி சொல்லல?"

"யாரு சொன்னா என்னாடி. சாமிக்கு எல்லாக் கொரலும் ஒண்ணுதான்."

அவள் அதைச் சொன்ன சத்தம் அடுப்படியைத் தாண்டவில்லை. அன்றிலிருந்து அவள் குரல் அப்படித்தான் ஆனது. நான் எனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டுக்கொண்டேன். தாலியறுத்தவள் வாயால் வேண்டாம் என்று அம்மாவைத் தள்ளிவிட்டார்கள், அத்தை முந்திக்கொண்டாள். ஆறு மாதம் அத்தை முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. அத்தை கொடுத்த ரொட்டியை மட்டும் தின்றேன். கோபம் வேறு, பசி வேறு.

பசி நன்றாகவே இருந்தது. அந்த வருஷம் வெயில் காலம் நீண்டது. கீழ்மலையைக் கவ்வாத்து வெட்டிவிட்டிருந்ததால் அங்கே கட்டைதான் நின்றது. மேல்மலையில் கொழுந்து சுருங்கிக் கிடந்தது. இத்தனை றாத்தல் எடுத்தால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம். அப்பா போன பிறகு அம்மாவுக்கு அடிக்கடி காய்ச்சல். விரல்களில் பழைய ஓட்டம் இல்லை. வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள் அரைப்பேர் விழுந்தது. 

அம்மா அரிசி அளக்கும்போது முதல் சுண்டை ஒன்று என்று எண்ண மாட்டாள். லாபம் என்பாள். இரண்டாவது சுண்டிலிருந்துதான் இரண்டு, மூன்று என்று போகும். அந்த மாதங்களில் இரண்டாவது சுண்டே கிடையாது. எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் லாபம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கங்காணி வாசலுக்கு வந்தார். நான் உள்ளே தம்பிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன்.

"புள்ளைக்குப் பன்னெண்டு நடக்குதுல்ல. தோட்டத்து வேலைக்குப் பேரப் பதிஞ்சு வுட்டுரு. சின்னாள் சம்பளமாச்சும் வரும்."

"படிக்கிற புள்ளைங்க. பெரிய வாத்தியாரு ஹட்டனுக்கு எழுதிப் போட்டிருக்காரு. தங்கிப் படிக்கிற எடமாம், காசு வாங்க மாட்டாங்களாம். பதிலு வார வரைக்கும் பாப்பமுங்க."

"அதுவரைக்கும் என்னாத்தத் திம்பீங்க?"

"சாமி வழி வுடுமுங்க."

கங்காணி கெட்டவர் இல்லை. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். "சாமி வந்து ஒனக்குக் கொழுந்து எடுத்துக் குடுக்குமா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

இதுதான் என் நிலைமை. அம்மாவுக்கு முழுப்பேர் விழுந்தால் நான் பள்ளிக்கூடம் போகலாம். அரைப்பேரே தொடர்ந்தால் மாதக் கடைசியில் என் பேரையும் பதிந்துவிடுவார்கள். பேர் பதிந்தபின் பள்ளிக்கூடம் திரும்பிய பிள்ளையை நான் எங்கள் தோட்டத்தில் பார்த்ததில்லை. ஹட்டனிலிருந்து பதில் வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. அப்பா பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுச் சாகும்வரை பதிலுக்குக் காத்திருந்தவர். அவருக்கே வராத பதில் எனக்கு எங்கே வரப்போகிறது?

பள்ளிக்கூடத்துப் பாதைத் திருப்பத்தில் சவுக்கு மரத்தடியில் மூன்று கல் நட்டிருக்கும். மலைச்சாமி. அம்மா தினமும் வேலை விட்டு வரும்போது அதற்குக் குங்குமம் வைத்துக் கையெடுத்துவிட்டு வருவாள். நான் போகும்போது வேறு மாதிரிப் பேசுவேன். "இன்னிக்கும் அரைப்பேரு வுழுந்துச்சுன்னா, நாளைக்கு ஒனக்குக் குங்குமம் கெடையாது, பாத்துக்க" என்று மிரட்டுவேன். சில நாள் மிரட்டலை நிறைவேற்றியும் இருக்கிறேன். பாவாடை முனையால் குங்குமத்தைத் துடைத்துவிட்டு, மாலையில் அம்மா பார்ப்பதற்குள் பயந்துபோய்ச் செம்மண்ணைக் குழைத்துப் பூசியிருக்கிறேன்.

பிறகு ஒரு வாரம் முழுவதும் அம்மாவுக்கு முழுப்பேர் விழுந்தது. அடுத்த வாரமும் விழுந்தது. மழை இல்லை, கொழுந்து பெருகவில்லை, அம்மாவின் காய்ச்சலும் விட்டபாடில்லை. ஆனால் தராசில் மாட்டினால் அவள் கூடை இறங்கி நின்றது. கணக்கப்பிள்ளை தராசை ஆட்டிப் பார்த்துவிட்டு, "என்னா, ஒன் நெரையில மட்டும் மழ பேயுதோ?" என்று கேட்டாராம். அம்மா அதை வீட்டில் வந்து சொல்லும்போது எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

"பாத்தியாடி? எல்லாருக்கும் எடை கொறையுது. எனக்கு மட்டும் நிக்குது. நா மனசுக்குள்ளதான் பொலி சொல்றேன். அது சாமிக்குக் கேக்குது."

கங்காணி மாதக் கடைசியில் வரவில்லை. கல்லுக்குக் குங்குமம் கூடியது. நானும் மிரட்டலை நிறுத்திக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். பத்து மணி இருக்கும். அம்மா நிரையின் நடுவில் இருந்தாள். என்னை அவள் பார்க்கவில்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தபோது அத்தை தன் நிரையை விட்டு வருவது தெரிந்தது. இடுப்பில் சுற்றியிருந்த படங்குத் துணியை இழுத்துக் கட்டுகிற சாக்கில் அம்மாவுக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நின்றாள். தன் கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை அள்ளினாள். அம்மாவின் கூடைக்குள் மெல்லப் போட்டாள். போய்விட்டாள். 

அம்மாவுக்குத் தெரியவில்லை. கூடை தலைக்கயிற்றில் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. தன் கூடையில் யார் என்ன போடுகிறார்கள் என்று எவளுக்கும் தெரியாது. ஒரு பிடிக் கொழுந்தின் கனம் கழுத்துக்கும் உறைக்காது. கொஞ்சம் பொறுத்து இன்னொருத்தி வந்தாள். அப்புறம் இன்னொருத்தி. தேத்தண்ணி ஆறும்வரை அங்கேயே செடி மறைவில் குந்தியிருந்து எண்ணினேன். ஐந்து பேர். அம்மா குனிந்து கொழுந்தெடுத்துக்கொண்டே இருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு வந்தது நன்றி இல்லை, ஆத்திரம். மாலையில் தண்ணிப் பீலியில் அத்தை குடம் பிடித்துக்கொண்டு தனியாக இருந்தபோது போய் நின்றேன்.

"அம்மாவோட பொலியப் புடுங்கிக்கிட்டீங்க. இப்ப ஒளிச்சு ஒளிச்சுக் கொழுந்து போடுறீங்களோ?"

அத்தை குடத்தை இறக்கி வைத்தாள். என்னை அறைவாள் என்று நினைத்தேன். 

"யாருடி புடுங்கினது? ஒங்கம்மா வேலைக்கு வந்த அன்னிக்கு, நேரா கடசி நெரைக்குப் போயி நின்னுக்கிருச்சு. நாங்க எல்லாம் ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாத்துக்கிட்டு நின்னோம். கங்காணி சத்தம் போட்டாரு. வேற வழியில்லாம நா வாயத் தொறந்தேன். என் கொரலு லச்சணம் எனக்குத் தெரியாதா?"

"கூப்புட வேண்டியதுதான?"

"எப்புடிடி கூப்புடுறது? புருசனுக்குப் பதினாறு முடிஞ்ச மறுநாளு, வந்து பொலி சொல்லுன்னா? மனசு நொந்துறாதா? அதுவா வரட்டும், வந்தா வுட்டுருவோம்னுதான் இன்னிக்கு வரைக்கும் இருக்கோம்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கொழுந்து விசயம் ஒங்கம்மாவுக்குத் தெரிஞ்சுதுன்னா, கூடைய எறக்கி வச்சுட்டு அரைப்பேரோட வந்துரும். ஒன் படிப்பும் போயிரும். வாயப் பொத்திக்கிட்டுக் கெட."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியம் இல்லை. நானும் அம்மாவுக்குப் பிறந்தவள்தானே. மழை வந்து கொழுந்து திரும்பும்வரை அந்த ஐந்து பேரும் போட்டார்கள். சாயங்காலம் சாயங்காலம் அம்மா கல்லுக்கு முன்னால் கண்ணை மூடி நிற்பாள். நான் பக்கத்தில் நின்று, போட்டவர்கள் வேறு, கும்பிடு வாங்குகிறவர் வேறு என்று நினைத்துக்கொள்வேன். சொல்லாமலிருக்க நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

வருஷக் கடைசியில் ஹட்டனிலிருந்து பதில் வந்தது. வாத்தியார் தானே கடிதத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். இடம் உண்டு, சாப்பாடு உண்டு, இரண்டு உடுப்பும் ஒரு கம்பளியும் கொண்டு வர வேண்டும். கம்பளி அப்பாவுடையது இருந்தது. அதைத் துவைத்துக் காயப்போட்டபோது அதில் இன்னும் தொழிற்சாலைத் தூள் வாசம் அடித்தது. அம்மா அதை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள், வேலை விட்டு வந்தவுடனே அம்மா அடுப்பு மூட்டினாள். எப்போது சேர்த்தாளோ தெரியாது, அரிசி இருந்தது, பயறு இருந்தது, ஒரு துண்டு சர்க்கரை இருந்தது. மலைச்சாமிக்குப் பொங்கல். நாங்கள் வாரக்கணக்காகக் கோதுமைமா ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். நாளைக்கு நான் போகிறேன், அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று காலையிலிருந்து எதிர்பார்த்திருந்தேன். அவளோ சாமிக்குப் பொங்கிக்கொண்டிருந்தாள். 

"ஒன்னய ஹட்டனுக்கு அனுப்புறது நானா? அந்தச் சாமிதான். ஒரு நா கூட என் கூடையக் கொறைய வுடல பாரு" என்றாள்.

அவ்வளவுதான், வாய் கட்டறுத்துக்கொண்டது. "சாமி ஒண்ணும் போடல. அத்தை போட்டாங்க. ஒன் முதுகுக்குப் பின்னால வந்து வந்து போட்டாங்க. அஞ்சு பேரு. நா எண்ணுனேன்."

அகப்பை நின்றது.

"எம்புட்டு நாளா?"

"வெயிலு காலத்துலருந்து."

"யாரு யாரு?"

சொன்னேன். ஒவ்வொருத்தியைச் சொல்லும்போதும் அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது. அப்பா போனபின் அவள் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு விட்டுவிட்டுப் போகப்போகிற நான், அதையும் அவள் கையிலிருந்து பிடுங்கிவிட்டேன். எதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவசரமாக மிச்சத்தையும் கொட்டினேன். "பொலியக்கூட அத்தை எடுத்துக்கலம்மா. நீயாத்தான் கடசிக்குப் போனியாம். நீ வருவேன்னுதான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்களாம்."

"என்னையவா?" என்றாள்.

அந்த ஒரு சொல்லை அவள் கேட்ட விதம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. பிறகு மெதுவாக, "என் வாயால கேட்டு, அவளுக கூடைக்கு எதும் ஆயிருமோன்னுதான் நா ஒதுங்கினேன். அவளுகளும் அதத்தான் நெனக்கிறாளுகன்னு இருந்தேன்" என்றாள்.

பொங்கலை இறக்கினாள். சவுக்கு மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் படைத்தாள். வழக்கம்போலவே கண்ணை மூடி நின்றாள், வழக்கத்தைவிட அதிக நேரம். திரும்பி வந்து சட்டியை என் கையில் கொடுத்து, "பின்னால வா" என்றாள். ஐந்து காம்பிரா வாசலிலும் நின்றோம். வாழையிலைத் துண்டில் ஆளுக்குக் கொஞ்சம் வைத்துக் கொடுத்தாள். எதற்கு என்று அம்மா சொல்லவில்லை. எதற்கு என்று அவர்களும் கேட்கவில்லை. அத்தை மட்டும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து முறைத்தாள். சட்டியில் ஒட்டியிருந்ததை நானும் தம்பியும் சுரண்டித் தின்றோம்.

விடியும் முன்னே அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். இறுக்கி, வலிக்கிற மாதிரி. திருநீறு பூசினாள். பஸ் வரை அவள் வர முடியாது. பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் போய்விடும். "வாத்தியாரு கூட்டிக்கிட்டுப் போவாரு. அழுவாம போ" என்றாள். கூடையை மாட்டிக்கொண்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசற்படியில் இறங்கி இருட்டில் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அழாமல் போ என்று எனக்குத்தான் சொன்னாளோ, தனக்குச் சொல்லிக்கொண்டாளோ.

வாத்தியார் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நல்ல மூடுபனி. சவுக்கு மரத்தடிக்கு வந்தபோது நிரை பிடிக்கிற நேரம். மேலே மலை இருக்கிறதா என்றே தெரியாத வெள்ளை. நேற்றைய பொங்கலைக் காக்கை தின்றுவிட்டுப் போயிருந்தது. நான் நின்றுவிட்டேன்.

"பஸ் போயிரும், வா" என்றார் வாத்தியார்.

"செத்த இருங்க சார்."

காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றேன். அத்தை கூவினால் இங்கே கேட்கும். கீழே ரோட்டுக்கே கேட்கிற குரல் அது. கேட்கவில்லை. நிரை பிடித்து முடிகிற நேரமும் போய்க்கொண்டிருந்தது. கங்காணி ஏதோ அதட்டுவது கேட்டது. பிறகு அவர் சத்தமும் நின்றது. ஒன்றுமே கேட்கவில்லை. லிந்துலையில் நின்று பேசினால் தலவாக்கலைக்குக் கேட்கும் என்று அப்பா கேலி செய்த குரல், இத்தனை காலம் அடுப்படிக்குள்ளேயே கிடந்து எவ்வளவு தேய்ந்திருந்ததோ தெரியாது. அந்தப் பனியைத் தாண்டி என்னிடம் இறங்கிவர அதற்குத் தெம்பில்லை.

அப்போது மேலேயிருந்து எல்லார் குரலும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது: "பொலியோ பொலி!"

அத்தையின் கீச்சுக்குரலும் அந்தப் பதிலுக்குள் இருந்தது. மற்ற எல்லாரையும்விட உரக்க.

வாத்தியார் பெட்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பஸ் சத்தம் கேட்டு நாங்கள் இருவரும் ஓடினோம். பதிலை நான் கேட்டுவிட்டேன். அன்று சாமியிடம் கேட்ட அம்மாவின் குரல்தான் இன்றுவரை என் காதுக்கு வந்து சேரவில்லை.